பிடித்தலும் இடங்கொடுத்தலும்: நாஞ்சில் நாட்டுக் கிறித்தவ மரபில் எண்ணத்தின் தோற்றுவாய்

ஆய்வுச் சுருக்கம்

மனித எண்ணத்தின் மீது ஆவிகளின் தாக்கம் உண்டு என்பதைக் கிறித்தவ மரபும் கன்னியாகுமரி மாவட்டத்து நாட்டார் சமய மரபும் ஒப்புக்கொள்கின்றன. எனினும், அத்தாக்கம் நிகழும் முறையை இரண்டும் வெவ்வேறு வினைச்சொற்களால் குறிக்கின்றன. நாட்டார் வழக்கில் பேய் ‘பிடிக்கிறது’. கிறித்தவ வழக்கில் மனிதன் ‘இடங்கொடுக்கிறான்’. இவ்விரு வினைகளின் வேறுபாட்டை விவிலியம், திருச்சபைத் தந்தையர் சிந்தனை, தமிழ்க் கிறித்தவச் சொல்லாக்கம், தேவசகாயம் வரலாறு ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

கலைச்சொற்கள்: ஆவி, அலகை, இசைவு, தேர்ந்து தெளிதல், கோமரத்தாடி, யோபு, தேவசகாயம்.

முன்னுரை

‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்னும் தொடரில் ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. தோன்றிய எண்ணமே தொடரின் எழுவாய். நினைவு வருதல், கோபம் வருதல், ஆசை பிறத்தல், ஐயம் எழுதல் ஆகியவற்றிலும் எண்ணமோ உணர்வோ எழுவாயாகிறது. மனிதன் அதனை ஏற்கும் இடமாகிறான். ‘எண்ணினேன்’, ‘துணிந்தேன்’, ‘உடன்பட்டேன்’ என்னும்போது மனிதன் எழுவாய் இடத்திற்கு ஏறுகிறான். எண்ணம் மனிதனிடம் வந்து சேர்வதும், வந்ததை அவன் தனதாக்கிக்கொள்வதும் வேறு வேறு நிகழ்வுகள் என்னும் உணர்வு தமிழ்த் தொடரமைப்பிலேயே உள்ளது.

எண்ணத்தின் தோற்றுவாய் குறித்த கிறித்தவச் சிந்தனையும் ஏறத்தாழ இந்த வேறுபாட்டின் மீதே எழுந்தது. தமிழ்நாட்டில் அச்சிந்தனை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட நிலம் கன்னியாகுமரி மாவட்டம். இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் கொடை நடக்கும் ஊர்களும், பிரான்சிஸ் சவேரியார் 1544இல் பணிசெய்த கடற்கரையும், 1806இல் ரிங்கல்தௌபே வந்து தங்கிய மயிலாடியும், வைகுண்டர் வாழ்ந்த சாமித்தோப்பும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளவை. மனிதனுக்குள் புகுந்து பேசுவது எது என்னும் வினாவை இந்நிலத்தில் எந்தச் சமயமும் தவிர்க்க இயலவில்லை.

வெறியாட்டும் எண்ணத்தின் மூலமும்

இவ்வினா தமிழுக்குக் கிறித்தவம் கொணர்ந்த புதுவினா அன்று. சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை இதனையே உட்கருத்தாகக் கொண்டது. தலைவியின் மேனி வாடுகிறது, உணவு மறுக்கிறாள், சிந்தை வேறாகிறது. தாய் இதனை முருகு அணங்கியதன் விளைவாகக் கருதி வேலனை அழைக்கிறாள். தலைவிக்கும் தோழிக்கும் உண்மை தெரியும். வந்தது அணங்கு அன்று, காதல். நற்றிணை 34ஆம் பாடலில் தோழி முருகனையே நோக்கி, கடவுளாக இருந்தும் காரணம் அறிந்தும் இவ்வெறிக்களத்திற்கு வந்தனையே என அவனது அறியாமையைச் சுட்டுகிறாள். அகத்தில் தோன்றியதற்குப் புறக்காரணம் கற்பிக்கும் பிழையை இவ்வளவு நுட்பமாக நகையாடிய பாடல்கள் உலக இலக்கியத்தில் அரியவை.

திருவள்ளுவர் எதிர்த்திசையில் செல்கிறார். சிற்றினம் சேராமை அதிகாரத்தின் நான்காம் குறள் (454), அறிவு ஒருவன் மனத்தில் உள்ளதுபோல் தோன்றினும் உண்மையில் அவன் சேர்ந்த இனத்தினின்றே வருவது என்கிறது. அகத்தது என்று மனிதன் கருதுவது புறத்தினின்று வந்தது என்பது இதன் துணிபு. ஆகவே கிறித்தவம் வந்தபோது தமிழ்ச் சிந்தனையில் இவ்விரு நிலைகளும் வேரூன்றியிருந்தன. அவற்றோடு மூன்றாவதாக ஒன்றைக் கிறித்தவம் சேர்த்தது: வந்த எண்ணத்திற்கும் கொண்ட எண்ணத்திற்கும் இடையே நிற்கும் ‘இசைவு’.

கிறித்தவச் சிந்தனையில் இசைவு

விவிலியம் எண்ணத்திற்கு ஒரே ஊற்றைக் கூறவில்லை. மாற்கு நற்செய்தியில் (7:21) தீய எண்ணங்கள் மனித உள்ளத்தின் உள்ளிருந்தே புறப்படுகின்றன. யோவான் நற்செய்தியில் (13:2) யூதாசின் உள்ளத்தில் காட்டிக்கொடுக்கும் எண்ணத்தை அலகை இடுகிறது. யாக்கோபு திருமுகம் (1:14) ஒவ்வொருவரும் தத்தம் இச்சையாலேயே சோதிக்கப்படுகின்றனர் என்கிறது. இவற்றை முரண்பாடுகள் எனக் கொள்வாரும் உளர். திருத்தூதர் பணிகள் ஐந்தாம் இயல் இவற்றை ஒருங்கே காண உதவுகிறது. அனனியா நிலம் விற்ற தொகையில் ஒரு பகுதியை மறைத்தபோது பேதுரு அவனிடம் இரண்டு வினாக்கள் எழுப்புகிறார். முதல் வினாவில் (5:3) அவன் உள்ளத்தை நிரப்பியது சாத்தான். அடுத்த வசனத்து வினாவில் (5:4) அச்செயலை உள்ளத்தில் உருவாக்கியவன் அனனியா. ஒரே செயலுக்கு இரு வினைமுதல்கள். தாக்கம் உண்டு, ஆயினும் பொறுப்பு நீங்குவதில்லை.

திருச்சபைத் தந்தையர் இதனை முறைப்படுத்தினர். எண்ணங்கள் நம்மிடமிருந்தும், இறைவனிடமிருந்தும், எதிர்ச் சக்திகளிடமிருந்தும் வரக்கூடும் என 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜென் வகுத்தார். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத் துறவி எவாகிரியுசு, துறவியைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். அவ்வெண்ணங்கள் வருவதும் வாராமையும் நம் கையில் இல்லை. அவை உள்ளத்தில் தங்குவதும் தங்காமையும் நம் கையில் உள்ளன என்பது அவர் துணிபு. அகுஸ்தீன் (354-430) மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் பாவம் மூன்று படிகளில் நிறைவுறுவதைக் காட்டினார்: தூண்டல், இன்புறல், இசைதல். மூன்றாம் படியிலேயே எண்ணம் மனிதனின் செயலாகிறது. எவாகிரியுசு பாலைநிலத் துறவியரை முன்வைத்து எழுதியதை அகுஸ்தீன் எல்லா மனிதர்க்கும் பொதுவாக்கினார் எனலாம்.

1548இல் அச்சான இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ இச்சிந்தனையை நடைமுறைக் கலையாக மாற்றியது. ‘தேர்ந்து தெளிதல்’ எனப்படும் அக்கலையில், எண்ணத்தின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் அது கொணரும் மனநிலையும் அது சென்று முடியும் திசையும் ஆராயப்படுகின்றன. நேர்மையை நோக்கி முன்னேறும் உள்ளத்தில் நல்லாவி நீர்த்துளி பஞ்சில் இறங்குவதுபோல் ஓசையின்றி இறங்கும், தீயாவி கல்லில் விழும் துளிபோல் தெறிக்கும் என்கிறார் அவர். உள்ளம் வறண்ட காலத்தில் முன்னர்ச் செய்த முடிவை மாற்றலாகாது என்பது அவர் விதிகளுள் ஒன்று. இந்த விதி நாஞ்சில் நாட்டிற்குத் தொலைவான ஐரோப்பியச் செய்தி அன்று. தென் தமிழகத்தில் 16, 18ஆம் நூற்றாண்டுகளில் பணியாற்றிய சவேரியாரும், என்றிக்கே என்றிக்கசும், வீரமாமுனிவரும், வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் என அறியப்பட்ட ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரியும் இஞ்ஞாசியார் நிறுவிய சபையின் துறவியரே. அவர்கள் அனைவரும் இப்பயிற்சியில் வளர்ந்தவர்கள்.

ஆவி, பிசாசு, அலகை

இக்கருத்துகளைத் தமிழாக்குவதில் முதல் இடர் ‘ஆவி’ என்னும் சொல்லிலேயே எழுந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதலாகக் கத்தோலிக்க மன்றாட்டு மரபில் போர்ச்சுக்கீசியச் சொல்லே ஒலிபெயர்க்கப்பட்டு, ‘இஸ்பிரீத்து சாந்து’ என நெடுங்காலம் வழங்கியது. ‘ஆவி’ மூச்சு, உயிர், நறும்புகை எனப் பல பொருள் தரும் பழஞ்சொல். மக்கள் வழக்கில் அது இறந்தோரின் அலையும் உயிரையும் குறித்தது. மூவொரு கடவுளில் ஒருவரை அச்சொல்லால் சுட்டத் தயங்கியது இயல்பே. பின்னர் ‘பரிசுத்த ஆவி’ என்றும், இக்காலத்தில் ‘தூய ஆவி’ என்றும் அடைகொடுத்து அச்சொல் மீட்கப்பட்டது.

‘பேய்’ இன்னும் சிக்கலானது. சங்க இலக்கியத்துப் பேய் போர்க்களத்தில் நிணம் உண்ணும், பேய்மகளிர் கூத்தாடுவர். அப்பேய் எவரையும் ஏமாற்றித் தீநெறிக்கு ஈர்ப்பதில்லை. திருக்குறளில் (850) வரும் ‘அலகை’யும் உலகத்தார் ஒப்பியதை மறுப்பவனுக்கு உவமையாகிறதேயன்றிச் சோதனை செய்யும் ஆற்றலாக வரவில்லை. விவிலியத்தின் ‘சோதிப்பவன்’ உடலைப் பற்றுவதைவிடக் கருத்தில் நுழைவதையே தொழிலாகக் கொண்டவன். இதற்கு நேர்ச்சொல் தமிழில் இல்லை. சீர்திருத்தச் சபையார் ‘பிசாசு’ என்னும் வடசொல்லை எடுத்தனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘அலகை’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றியது. ஒரு சொல் தன் பழம்பொருளை இழக்காமலே புதுப்பொருளை முதன்மையாக்கிக்கொண்ட நிகழ்வாக இது தனி ஆய்வுக்குரியது.

பெயர்ச்சொல்லில் இவ்வளவு இடர்ப்பட்ட மொழிபெயர்ப்பாளர்க்கு வினைச்சொல் எளிதில் வாய்த்தது. எபேசியர் திருமுகத்தின் நான்காம் இயலில் (4:27) அலகைக்கு எதைத் தரலாகாது எனப் பவுல் கூறுகிறாரோ, அது கிரேக்க மூலத்தில் ‘தொப்போஸ்’, அதாவது இடம். ‘இடங்கொடுத்தல்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த அளவிலேயே அது செறிந்த தமிழ் மரபுத்தொடராகிவிட்டது. இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். குழந்தைக்கு இடங்கொடுத்தல், வேலையாளுக்கு இடங்கொடுத்தல், ஐயத்திற்கு இடங்கொடுத்தல் என அன்றாட வழக்கில் பயிலும் இவ்வினை, சிறு இசைவு பேரிழப்பாக வளர்வதைக் குறிப்பது. அகுஸ்தீனின் மூன்று படிகளையும் இந்த ஒற்றைத் தமிழ்ச்சொல் அடக்கிவிடுகிறது. இதனைத் தமிழ்க் கிறித்தவ மொழிபெயர்ப்பின் பெரும்பேறுகளுள் ஒன்றாகக் கருதலாம்.

‘அவனைப் பேய் பிடித்தது’ என்பதில் பேய் எழுவாய், மனிதன் செயப்படுபொருள். ‘அவன் அலகைக்கு இடங்கொடுத்தான்’ என்பதில் மனிதன் எழுவாய். ஆவிக்கும் மனிதனுக்கும் இருந்த வேற்றுமை உறவு தலைகீழாகிறது.

கோமரத்தாடியும் மறைப்பணியாளர் குறிப்புகளும்

இவ்வேறுபாட்டை மிகைப்படுத்தினால் நாட்டார் மரபுக்கு அநீதி இழைத்தவராவோம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டின் உச்சத்தில் தெய்வம் ஏறப்பெறுபவர் கோமரத்தாடி. அவர் பேய் பிடித்தவர் அல்லர். கொடைக்கு முன்னரே நோன்பிருந்து, உடல் தூய்மை காத்து, தெய்வம் வருவதற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்பவர். மக்கள் மொழியில் ‘பேய் பிடித்தது’ என்பதும் ‘சாமி வந்தது’ என்பதும் ஒருபோதும் ஒன்றாவதில்லை. முன்னது துன்பம், விரட்டத்தக்கது. பின்னது பேறு, வரவேற்கத்தக்கது. கோமரத்தாடியின் நோன்பை இசைவின் ஒரு வடிவம் எனலாம். நாட்டார் மரபில் இசைவு இல்லை என்பது பொருந்தாது. அங்கு இசைவு தெய்வத்தின் வருகைக்கு முன் நிகழ்ந்து முடிகிறது. வந்தபின் பேசுவது தெய்வம் மட்டுமே, அப்பேச்சுக்குக் கோமரத்தாடி பொறுப்பல்லர். கிறித்தவ மரபில் இசைவு தாக்கத்தின் நடுவிலும் தொடர்கிறது. ஆவியானவர் பேசினார் எனக் கூறுவோரின் கூற்றையும் சோதித்தறிய வேண்டும் என்கிறது யோவானின் முதல் திருமுகம் (4:1).

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மறைப்பணியாளர் இந்நுட்பத்தைக் கண்டதாகத் தெரியவில்லை. திருநெல்வேலிச் சாணார் குறித்துக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலிலும், திருவிதாங்கூர் குறித்துச் சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலிலும் கொடையும் கோமரமும் இசக்கியும் மாடனும் ‘பேய் வழிபாடு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கின. களச்செய்திகளைத் திரட்டிய வகையில் இந்நூல்களின் பயன் பெரிது. பிற்கால நாட்டார் வழக்காற்றியலுக்கும் அவை சான்றாயின. ஆனால் ‘பிடித்தல்’, ‘வருதல்’ என மக்கள் தெளிவாகப் பிரித்த இரண்டையும் அவர்கள் ஒன்றாக்கினர். அதனால் இழந்தவர்கள் அவர்களே. எண்ணத்தின் மூலத்தை ஆராயும் தம் சொந்த மரபின் நுண்கருவிகளை அவர்கள் இங்குப் பயன்படுத்தவில்லை. தேர்ந்து தெளிய வேண்டிய இடத்தில் தீர்ப்பு வழங்கினர்.

நீலகண்டனின் நான்கு ஆண்டுகள்

கிறித்தவப் பார்வையில் ஆன்மிகத் தாக்கம் மனித எண்ணத்தை மாற்றும் முறைக்கு இம்மாவட்டத்தின் தலைசிறந்த சான்று தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். (நட்டாலம் விளவங்கோடு வட்டத்தது, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை மட்டும் நாஞ்சில் நாடு எனக் கொள்ளும் வரையறைக்குள் அது அடங்காது. அவர் உயிர்நீத்த ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையும் அடக்கம் பெற்ற கோட்டாறும் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தவை.) 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்ட ஒல்லாந்துப் படைத்தலைவர் தெ லனாய், பின்னர் அம்மன்னரிடமே படைப்பணி ஏற்றார். உதயகிரிக் கோட்டைப் பணிகளின்போது நீலகண்டனுக்கு அவருடன் நட்பு உண்டாயிற்று.

நீலகண்டன் குடும்பத்தில் கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, செல்வம் குன்றியது. அவரது வாட்டத்தைக் கண்டு காரணம் வினவிய தெ லனாய், விவிலியத்து யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார் என மரபு கூறுகிறது. 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதரிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயர் ‘தேவசகாயம்’ எனத் தமிழாயிற்று. 1749இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊரூராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 திசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15இல் உரோமையில் புனிதராகவும் அறிவிக்கப்பெற்றார். மதமாற்றமே அவர் கொலைக்குக் காரணம் என்பதைத் திருவிதாங்கூர் வரலாற்றாய்வாளர் சிலர் ஏற்பதில்லை. அவ்விவாதம் தண்டனையின் காரணம் பற்றியது. இங்கு ஆராயப்படுவது அதற்கு முந்திய மனமாற்றம்.

அம்மனமாற்றத்தில் மரபு எவற்றைக் கூறவில்லை என்பது கருதத்தக்கது. திருமுழுக்குக்கு முன் அவருக்குக் காட்சி தோன்றியதாகவோ, அசரீரி கேட்டதாகவோ, நோய் நீங்கியதாகவோ மையக் கதை அமையவில்லை. ஒருவர் ஒரு கதை சொன்னார், மற்றவர் கேட்டார். குறள் 454 கூறும் ‘இனம்’ இங்கு ஒரு போர்க்கைதியின் வடிவில் வந்தது. தெ லனாய் சிறைப்பட்ட ஆண்டிற்கும் நீலகண்டனின் திருமுழுக்கிற்கும் இடையே நான்கு ஆண்டுகள் உள்ளன. நட்பும் கேள்வியும் ஐயமும் துணிவும் இவ்விடைவெளிக்குள் நிகழ்ந்தவை. வடக்கன்குளத்தில் அவர் கேட்டவுடன் திருமுழுக்கு வழங்கப்படவில்லை. விளைவுகள் எடுத்துரைக்கப்பட்டு அவர் மனவுறுதி ஆராயப்பட்டது என்றும் மரபு கூறுகிறது. புத்தாரி இஞ்ஞாசியாரின் பயிற்சியில் வளர்ந்தவர் என்பதை நினைந்தால் இதில் வியப்பில்லை. துன்பத்தின் அழுத்தத்தில் எழுந்த எண்ணத்தை உடனே நம்பாமல் ஆறவிட்டுப் பார்ப்பது அப்பயிற்சியின் பாலபாடம்.

தெ லனாய் யோபுவின் கதையைத் தேர்ந்ததும் ஆராயத்தக்கது. இழப்புக்குத் தெய்வக் குற்றமே காரணம் என்பது அக்காலத்தவர் எவர்க்கும் எளிதில் எட்டிய விளக்கம். யோபு நூலில் யோபுவைக் காண வந்த மூன்று நண்பர்களின் விளக்கமும் அதுவே: பாவம் செய்தாய், ஆகவே துன்புறுகிறாய். நூலின் முதலிரு இயல்களில் சாத்தான் வருகிறான். அவன் யோபுவின் மந்தைகளையும் மக்களையும் உடலையும் தாக்குகிறான். யோபுவின் எண்ணத்திற்குள் அவன் புகுந்ததாக நூல் கூறவில்லை. எண்ணத்தின் போர் நண்பர்களின் வாய்வழி நடக்கிறது. பக்தி மொழியில், நன்மொழியாக, ஆறுதலாக வரும் அவர்கள் கருத்துகளை யோபு முப்பது இயல்கள் அளவும் மறுத்து நிற்கிறார். அவற்றுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. இறுதியில் (42:7) இறைவன் நண்பர்களைக் கடிந்து, யோபு பேசியதே சரி எனத் தீர்ப்பளிக்கிறார்.

இழப்பால் வாடிய நீலகண்டனுக்கு இக்கதை புதியதொரு தெய்வத்தை மட்டும் அறிமுகப்படுத்தவில்லை. தன் துன்பத்தைப் பற்றித் தானே எண்ணிக்கொள்ள வேறொரு வழி உண்டு என்பதைக் காட்டியது. துன்புறுபவன் குற்றவாளி அல்லன் என்னும் எண்ணம் உள்ளே இறங்கிய பின்னர், எருமைமேல் ஏற்றி ஊரூராய் இழிவுபடுத்திய அரச தண்டனையால் அதனை அகற்ற இயலவில்லை. சிறைப்பட்ட மூன்று ஆண்டுகள் இஞ்ஞாசியார் கூறும் ‘வறண்ட காலம்’ எனின், முன்னர்ச் செய்த முடிவை அவர் மாற்றவில்லை. ஊர்வலமும் அடியும் நீர்விடாயுமாகத் தேவசகாயம் வரலாற்றை நாடகமாக நடித்துவந்த குமரி மாவட்ட மரபும், யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்து மரபும் அவர் பட்ட துன்பத்தை விரித்த அளவிற்கு இந்நான்கு ஆண்டு எண்ணப் போராட்டத்தை விரிக்காமை இயல்பு. மேடைக்கு எருமை வேண்டும். உள்ளத்தில் ஓசையின்றி இறங்கும் நீர்த்துளியை அங்கு எவ்வாறு நடிப்பது!

கனவும் கலியும்

மயிலாடி மகாராசன் வரலாறு இதற்கு மாறானது. சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றவர் அங்குக் கண்ட கனவால் உள்ளம் கலங்கி, திரும்பும் வழியில் தஞ்சையில் கிறித்தவ நெறியை அறிந்து வேதமாணிக்கம் ஆனார் எனச் சபை வரலாறு கூறுகிறது. இங்குத் தாக்கம் கனவாக, புறத்தினின்று வந்த கட்டளையாக நிகழ்கிறது. எனினும் கனவு அவரை எங்கும் கொண்டு சேர்க்கவில்லை. அது நிறைவின்மையை மட்டும் உண்டாக்கியது. தெளிவு வந்தது தஞ்சையில், ஒருவர் சொல்லக் கேட்டபோது. கனவையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்னும் கிறித்தவ எச்சரிக்கையை இவ்வரலாறு தன் போக்கிலேயே நிறைவு செய்கிறது.

இதே நிலத்தில் 1841இல் எழுந்ததாகக் கருதப்படும் அகிலத்திரட்டு அம்மானையில் கலி என்பது மன்னரையும் மக்களையும் மயக்கி எண்ணத்தைத் திரிக்கும் ஆற்றலாக வருகிறது. பேய்களுக்குப் பலியிடுதலை வைகுண்டர் விலக்கினார். சிந்தையைத் திரிக்கும் ஆற்றலைத் தனிமனிதனின் சோதனையாக மட்டும் காணாமல் அரசிலும் வரியிலும் சாதி இழிவிலும் கண்டமை அகிலத்தின் தனிச்சிறப்பு. கிறித்தவ மறைப்பணியாளர் இறையியலில் அந்நாளில் அழுத்தம் பெறாத கூறு இது. இவ்விரு மரபுகளையும் ஒப்பிடும் ஆய்வு விரிவாகச் செய்யப்பட வேண்டியது.

இடங்கொடுத்தலின் மறுபக்கம்

‘பிடித்தல்’ என்னும் வினை துன்புறுபவரைப் பழியினின்று காக்கிறது. பேய் பிடித்த பெண்ணை ஊர் அஞ்சலாம், அடிக்கவும் செய்யலாம். அவள் தவறு செய்தாள் எனப் பெரும்பாலும் கூறுவதில்லை. ‘இடங்கொடுத்தல்’ மனிதனுக்குப் பொறுப்பையும் மதிப்பையும் தருவது உண்மை. ஆனால் அதே சொல், உளநோயால் வாடுபவரை நோக்கி ‘நீ எங்கோ இடங்கொடுத்துவிட்டாய்’ எனச் சுட்டும் விரலாகவும் மாறக்கூடும். மனச்சோர்வை நம்பிக்கைக் குறைவு என்றும், சிந்தைக் கலக்கத்தை மறைத்த பாவத்தின் விளைவு என்றும் கூறும் குரல்கள் சபை வேறுபாடின்றி இன்றும் கேட்கப்படுகின்றன. மருந்து உண்பதையே விசுவாசக் குறைவாகக் கருதி நிறுத்துவோரும் உளர். யோபுவின் நண்பர்கள் செய்த பிழை இதுவன்றி வேறில்லை.

திருச்சபையின் முறையான நிலைப்பாடு இதற்கு எதிரானது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (எண் 1172) ஆயரின் வெளிப்படையான இசைவின்றி எவரும் பேயோட்டும் சடங்கு செய்வதைத் தடுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1673) உளநோயை மருத்துவ அறிவியலின் பொறுப்பிற்கு உரியதாகவும், அலகையின் தாக்கத்தினின்று வேறானதாகவும் பிரிக்கிறது. அந்த வேறுபாட்டை உறுதிசெய்யாமல் சடங்கில் இறங்கலாகாது என்கிறது. வேலனை அழைக்குமுன் தலைவியிடம் கேட்டிருக்கலாம் என்னும் தோழியின் அறிவுக்கும் இவ்விதிக்கும் தொலைவு அதிகமில்லை.

தமிழ்ச் சூழலில் யோபு பெரும்பாலும் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே நினைக்கப்படுகிறார். யாக்கோபு திருமுகம் (5:11) அவ்வாறு காட்டுவதும் அதற்கு ஒரு காரணம். நூலின் பெரும்பகுதியில் அவர் பொறுத்திருக்கவில்லை, வாதிடுகிறார். துன்புறுபவரைக் குற்றவாளியாக்கும் எண்ணத்திற்கு இடங்கொடாமல் வாதிட்ட அந்த யோபுவையே உதயகிரியில் தெ லனாய் நீலகண்டனுக்குச் சொல்லியிருத்தல் கூடும். பொறுத்துக்கொள் என்று மட்டும் கேட்டிருந்தால் நீலகண்டன் நட்டாலத்து வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருந்திருப்பார்.